நாலு துண்டு ஹாமும் ஒரு பிடிவாதக் குட்டியும்

பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. பிள்ளை ‘வேண்டாம்’ என்கிறது. தூக்கிப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. மேலை நாட்டு அடுப்படிகளில் வாரம் தவறாமல் நடக்கும் இந்தச் சின்னப் போராட்டத்துக்குள் ஒரு பெரிய கம்பெனியின் வியாபாரமும், குளிருக்கு அஞ்சாத ஒரு கிருமியும், நான்கு ஊர்ப் பாட்டிமார்களின் சாமர்த்தியமும் இருக்கின்றன.

புதன்கிழமை இரவு. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், தயிர் டப்பாவுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். திங்கள் காலை பிரித்தபோது அதில் எட்டுத் துண்டு ஹாம் இருந்தது. அன்று பள்ளிக்குப் போன சாண்ட்விச்சில் இரண்டு துண்டு. ஓரத்தில் ஒரே ஒரு கடியோடு அது வீடு திரும்பியது. செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு. டப்பாவைத் திறந்தால் ரொட்டி காணாமல் போயிருக்கிறது, ஹாம் மட்டும் மடித்தது மடித்தபடி கிடக்கிறது. மிச்சமுள்ள நாலு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, லேசாக ஈரம் கசிந்து, விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுங்குகின்றன.

“ஐயே!” என்கிறது குட்டி.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டு வீடுகளுக்குப் பழகிப்போன காட்சி இது. பன்றி, வான்கோழி, மாடு, கோழி இறைச்சியை உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தி, தாள் தாளாகச் சீவி விற்பதற்கு ‘டெலி மீட்’ என்று பொதுப்பெயர். ஹாம், சலாமி, பலோனி எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் சிக்கன் சலாமி என்று கிடைப்பது இதன் தம்பி. அடுப்பு மூட்ட வேண்டாம், நறுக்க வேண்டாம், ரொட்டிக்கு நடுவே வைத்தால் முடிந்தது வேலை. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் காலை நேரத்தில் இதைவிடக் கைகொடுக்கும் பண்டம் கிடையாது. பிள்ளை சாப்பிட்டால்!

நம் வீடுகளில் மிஞ்சிய இட்லியை என்ன செய்கிறோம்? அப்படியே மறுபடி தட்டில் வைத்தால் எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாகக் கொடுத்தால் கிண்ணம் காலி. மிஞ்சிய ஹாமுக்கும் ஊர் ஊராக இப்படி ஓர் உப்புமா இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், இதே மிச்சத்தை வைத்துக் கோடிக் கணக்கில் சம்பாதித்த ஒரு கம்பெனியின் கதையைக் கேட்டுவிடலாம்.

மேடிசன் நகரத்தின் இரண்டு விடைகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். பலோனிக்கும் ஹாட் டாகுக்கும் பேர்போன ஆஸ்கர் மேயர் கம்பெனியின் தலைமையகம் பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தது. 1980-களின் நடுவில் அந்தக் கம்பெனிக்கு ஒரு தலைவலி. கொழுப்பும் உப்பும் உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு பரவப் பரவ, பலோனி விற்பனை இறங்கிக்கொண்டே வந்தது. ஃப்ரிட்ஜில் நாலு துண்டு மிஞ்சினால் அது ஒரு வீட்டுக் கவலை. இங்கேயோ ஊருக்கே பலோனி வேண்டாததாகிக்கொண்டிருந்தது.

சரக்கைத் தள்ளிவிட வழி தேடும் பொறுப்பு பாப் டிரேன் என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் முதலில் செய்தது, வேலைக்குப் போகும் அம்மாக்களை உட்காரவைத்துப் பேசவிட்டதுதான். இறைச்சியைப் பற்றி அவர்கள் அதிகம் குறைப்படவில்லை. காலையில் டப்பா கட்ட நேரமே இல்லை என்பதுதான் எல்லார் வாயிலும் வந்தது. டிரேனின் குழு அட்டை, கத்தரிக்கோல், பசை சகிதம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பார்த்தது. ரொட்டி வைத்தால் கடைத்தட்டில் இரண்டு மாதம் தாங்காது. எனவே ரொட்டி போய் பிஸ்கட் வந்தது. வட்ட வட்டமாக இறைச்சி, சதுரம் சதுரமாக சீஸ், அடுக்கிச் சாப்பிட பிஸ்கட், எல்லாம் அறை பிரித்த ஒரு தட்டில். பெயர் ‘லஞ்சபிள்ஸ்’.

1980-களின் கடைசியில் சந்தைக்கு வந்த அந்தத் தட்டு, முதல் 12 மாதங்களில் 21.8 கோடி டாலருக்கு விற்றதாக நிருபர் மைக்கேல் மாஸ் 2013-ல் வெளியான ‘சால்ட் சுகர் ஃபேட்’ புத்தகத்தில் எழுதுகிறார். சாண்ட்விச்சில் கிடந்தபோது பிள்ளைகள் சீந்தாத அதே இறைச்சி, தானே அடுக்கிக்கொள்ளலாம் என்றதும் அவர்கள் கேட்டு வாங்கும் பண்டமாகிவிட்டது. இறைச்சி மாறவில்லை, அடுக்கும் அதிகாரம் கை மாறியிருந்தது. தன் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டதாகவே நினைவில்லை என்று டிரேனின் மகளே மாஸிடம் சொன்னது தனிக் கதை.

அதே 1980-களில், அதே மேடிசனில், எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வேறொரு பக்கத்திலிருந்து இதே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் சொன்ன வழி. என்ன சமையல், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெற்றோர் முடிவு செய்வார்கள். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. ‘இன்னும் ஒரு வாய்’ என்ற கெஞ்சலோ, ‘தட்டைக் காலி பண்ணினால்தான் ஐஸ்க்ரீம்’ என்ற பேரமோ கிடையாது.

நிலாவைக் காட்டி ஊட்டியே பழகிய நமக்கு இது கொஞ்சம் கல்நெஞ்சமாகப் படலாம். ஆனால், கம்பெனிக்காரரும் நிபுணரும் கண்டுகொண்டது ஒன்றைத்தான்: பிள்ளை கேட்பது சுவையை மட்டும் அல்ல, கொஞ்சம் அதிகாரத்தையும். ஒருவர் அதைத் தட்டில் அடைத்து விலை வைத்தார். மற்றவர் வீட்டு மேசையிலேயே கொடுத்துவிடச் சொன்னார்.

கடைத்தட்டின் கதை பிற்பாடு சறுக்கியது. 2023-ல் அமெரிக்கப் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கென்று இரண்டு வகை லஞ்சபிள்ஸ் தயாராயின. அதில் வான்கோழி-சீஸ் தட்டு ஒன்றிலேயே 930 மில்லிகிராம் சோடியம் இருப்பதை நுகர்வோர் அமைப்பான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ 2024 ஏப்ரலில் எடுத்துக்காட்டியது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்குமான வரம்பே 1,500 மில்லிகிராம். வாங்குவோர் போதவில்லை என்று சொல்லி, அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி பள்ளிகளிலிருந்து விலகிக்கொண்டது.

பிகு பண்ணுவது யார் குற்றம்?

‘நான் வளர்த்த லட்சணம்’ என்று நொந்துகொள்ளும் அம்மாக்களுக்கு லண்டனிலிருந்து ஓர் ஆறுதல். 5,390 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை வைத்து லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட முடிவு இது: புதிய உணவைக் கண்டு மிரளும் குணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணு வழி வருவது. இரண்டு வயதையொட்டி இந்த மிரட்சி தலைதூக்கும். அதுவரை கொடுத்ததையெல்லாம் தின்ற குழந்தை திடீரென்று தட்டை ஆராய ஆரம்பிப்பது அதனால்தான்.

மிரட்சியைக் கரைக்க என்ன வழி? லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-ல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத சீஸ்களையும் பழங்களையும் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றை இரண்டே முறை, சிலவற்றை இருபது முறைவரை. அதிக முறை நாக்கில் பட்டதே பிறகு பிடித்ததாகியிருந்தது. திட்டாமல், திணிக்காமல், சின்ன அளவில் திரும்பத் திரும்பக் கண்ணில் படவிடுவதுதான் மருந்து.

ஹாமுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம். அதன் சுவையைவிடத் தொடுகையே பல பிள்ளைகளை விரட்டுகிறது. குளிர்ந்து, வழவழவென்று, பல்லில் படாமல் இழுபடும் அந்தத் துண்டு பெரியவர்களுக்கே சில நேரம் ஒரு மாதிரிதான். மேலே தெரியும் வானவில் மினுக்கம் வேறு. அது கெட்டுப்போன அடையாளம் என்று பலரும் எறிந்துவிடுகிறார்கள். தசைநாரைக் குறுக்கே சீவிய பரப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வரும் நிறம் அது. அந்த மினுக்கத்தை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

குளிருக்கு அஞ்சாத கிருமி

மிச்சத்தை மீட்கும் உற்சாகத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது ஊறுகாய் இல்லை.

1898-ல் ரோட்டர்டாம் கசாப்புக் கடைக்காரர் வில்ஹெல்ம் வான் பெர்கெல், கைப்பிடியைச் சுற்றினால் இறைச்சியைத் தாள் போலச் சீவித் தரும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய டெலி கடைகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி. முழுத் தொடையாகத் தொங்கியபோது வெளிப்புறம் மட்டுமே காற்றையும் கையையும் கத்தியையும் சந்தித்த இறைச்சிக்கு, சீவியதும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கம் திறந்துவிடுகிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு அது போதும். மற்ற பல கிருமிகள் அடங்கிவிடும் ஃப்ரிட்ஜ் குளிரிலும் அது மெதுவாகப் பெருகும். மூக்குக்கு நாற்றமும் காட்டாது.

தென்னாப்பிரிக்காவில் 2017-ல் தொடங்கிய லிஸ்டீரியா நோய்ப் பரவல், உலகில் பதிவானவற்றிலேயே பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூலத்தைத் தேடிப்போன அதிகாரிகள் வந்து நின்ற இடம், பலோனியின் உறவுக்காரனான ‘பொலோனி’யைத் தயாரித்த போலோக்வானே தொழிற்சாலை. விலை மலிவு என்பதால் பிள்ளைகளின் ரொட்டிக்குள் அந்நாட்டில் அதிகம் போவது இந்தப் பொலோனிதான். 2024-ல் அமெரிக்காவில் போர்ஸ் ஹெட் நிறுவனத்தின் டெலி இறைச்சியோடு தொடர்புடைய பரவலில் 19 மாநிலங்களில் 61 பேர் நோயுற்றனர், 10 பேர் இறந்தனர். வர்ஜீனியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முகர்ந்து பார்த்துச் சொல்லும் பாட்டியைவிட, பொட்டலத்தில் எழுதிய தேதியை நம்புவது நல்லது.

*ஃப்ரிட்ஜ் கணக்கு*

*• பிரித்த பொட்டலம், கடையில் சீவி வாங்கிய துண்டு: 4 டிகிரி செல்சியஸ் குளிரில் 3 முதல் 5 நாள்.*
*• பிரிக்காத பொட்டலம்: 2 வாரம், அல்லது அதில் குறித்த தேதி, எது முந்துகிறதோ அது.*
*• ஃப்ரீஸரில்: ருசி கெடாமல் 1 முதல் 2 மாதம். துண்டுகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்தால் ஒட்டாது.*
*• கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில்: ஆவி பறக்க, 74 டிகிரி வரை சூடாக்கிய பிறகே.*
*• பிசுபிசுப்பு, புளித்த வாடை, நிறமாற்றம்: யோசிக்காமல் குப்பைக்கு.*

நான்கு ஊர் உப்புமா

இனி அடுப்படிக்கு வரலாம். இந்தச் சிக்கலுக்குப் பாட்டிமார்கள் என்றைக்கோ வழி கண்டுவிட்டார்கள்.

வியன்னாவில் அதன் பெயர் ஷிங்கன்ஃப்ளெக்கெர்ல். பெயர்தான் பல்லை உடைக்கும், பண்டம் குழந்தைத்தனமானது. தபால்தலை அளவு சதுர நூடுல்ஸை வேகவைத்து, வதக்கிய வெங்காயமும் பொடியாக நறுக்கிய ஹாமும் சேர்த்து, முட்டையும் புளித்த க்ரீமும் கலந்து, மேலே சீஸ் தூவி அவனில் வைக்கிறார்கள். மேல்புறம் பொன்னிறமாக முறுகியதும் வெளியே எடுத்தால், ‘அந்த மூலைத் துண்டு எனக்கு’ என்று சண்டை ஆரம்பமாகும்.

ஸ்பெயினில் மிச்சத்தைக் கொண்டு சமைப்பதற்கென்றே ஒரு தனிப் பெயர் உண்டு: ‘கொசினா தே அப்ரோவெச்சமியென்டோ’. வீணாக்காத சமையல் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மகாராணி க்ரோக்கெட்டா. வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கெட்டியான கூழ் வரும். அதில் மிஞ்சிய ஹாமை அரிசிமணி அளவுக்கு நறுக்கிப் போட்டு, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இறுகவிடுவார்கள். மறுநாள் விரல் நீளத்துக்கு உருட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தால், வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெயாய் வழியும். பாட்டி செய்த க்ரோக்கெட்டாவுக்கு ஈடில்லை என்று ஸ்பானியர்கள் பேசுவது, நாம் பாட்டி வைத்த வத்தக்குழம்பைப் பற்றிப் பேசுவது மாதிரியேதான்.

பாரிஸ் பிள்ளைகளுக்கு ‘கொக்கியெட் ஜாம்போன்’. வளைந்த குட்டி மக்ரோனி, வெண்ணெய், சதுரமாக நறுக்கிய வெள்ளை ஹாம், அவ்வளவுதான். இந்தக் குழந்தைச் சாப்பாட்டுக்கு ட்ரஃபிள் காளான் வாசனை சேர்த்து உணவகங்கள் இன்று பெரியவர்களுக்கே பரிமாறுகின்றன.

ஹாங்காங்கில் ‘சா சான் டெங்’ எனப்படும் டீக்கடைகளுக்குக் காலையில் போனால் மக்ரோனி சூப் ஆவி பறக்கும். மேலே தீக்குச்சி போல நறுக்கிய ஹாம். ஆங்கிலேயர் கொண்டுவந்த பண்டம் கான்டனீஸ் கிண்ணத்துக்குள் குடியேறி, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் சிற்றுண்டியாகிவிட்டது.

நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். எதிலும் ஹாம் தாளாக இல்லை. எல்லாம் சின்னச் சின்னத் துணுக்கு. எல்லாம் சூடு. நூடுல்ஸ், பால்கூழ், மக்ரோனி என்று ஏற்கெனவே பிடித்த ஒன்றின் மடியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. பழகாத முகம் பழகிய முகத்தோடு சேர்ந்து வந்தால் பிள்ளை அவ்வளவாக மிரள்வதில்லை.

வாணலி பேசும் மொழி

க்ரோக்கெட்டாவுக்கெல்லாம் நேரமில்லாத வேலைநாள் இரவுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நாலு துண்டையும் அடுக்கிச் சுருட்டி, குறுக்கே நறுக்கினால் நாடா நாடாவாக வரும். உதிர்த்து, எண்ணெய் விடாமல் இரும்பு வாணலியில் போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஹாமிலிருந்து தண்ணீர் விட்டு, வாணலி சலசலவென்று வேகும் சத்தம் போடும். பதப்படுத்தும்போது பல கம்பெனிகள் தண்ணீரை ஏற்றிவிடுகின்றன. முழு இறைச்சித் துண்டம் போலத் தெரிவதில் சேர்த்த தண்ணீர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பண்டத்தின் பெயரோடு சேர்த்தே அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். காசு கொடுத்து வாங்கிய அந்தத் தண்ணீர் வற்றினால்தான் முறுகல் வரும். சலசலப்பு அடங்கி, படபடவென்று சின்னதாக வெடிக்கும் சத்தம் கேட்டதும் அரை ஸ்பூன் எண்ணெய். ஓரங்கள் சுருண்டு, இளஞ்சிவப்பு செம்பு நிறமாக மாறும்போது இறக்கிவிடலாம். உப்புப் போடவே கூடாது. அதிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

வழவழப்பு போய் மொறுமொறுப்பு வந்தாயிற்று. ‘ஐயே’ சொன்ன அதே கை வாணலிப் பக்கம் நீள வாய்ப்பு உண்டு. முட்டைப் பொரியலில், வெண்ணெய்ச் சோற்றில், பட்டாணி போட்ட பாஸ்தாவில், மசித்த உருளைக்கிழங்கின் மேல் தூவிக்கொள்ளலாம்.

பலோனிக்கு வேறொரு வித்தை. வட்டத் துண்டை அப்படியே கல்லில் போட்டால் ஓரம் முதலில் சுருங்கி, நடுப்பகுதி தொப்பி போலக் குவிந்துவிடும். அமெரிக்க வீடுகளில் நடுவிலிருந்து ஓரம்வரை கத்தியால் ஒரு கீறல் போட்டுத் தட்டையாகப் பொரிப்பார்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் கீறாமல் விடுவதே நல்லது. கவிழ்த்தால் அது ஒரு கிண்ணம், உள்ளே முட்டைப் பொரியல். மஃபின் அச்சில் ஹாம் துண்டைப் பதித்து, முட்டையை உடைத்து ஊற்றி, 180 டிகிரி அவனில் முட்டை நன்றாக இறுகும்வரை வைத்தாலும் அதே கிண்ணம்தான். முட்டையை உடைக்கும் பொறுப்பைக் குட்டியிடமே கொடுத்தால், லஞ்சபிள்ஸின் அடுக்கும் சுகம் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

இதில் ஒரு சந்தேகம் வரும். கண்ணுக்குத் தெரியாமல் அரைத்துக் கலந்து ஊட்டிவிடலாமே? ஒருவேளைக்கு வயிறு நிறையும். ஆனால், பார்க்காத உணவோடு பழக்கம் வராது. அம்மா எதையோ ஒளிக்கிறாள் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அதுவரை நம்பித் தின்ற மக்ரோனிக்கும் ஆபத்து. நறுக்குவது வேறு, ஒளிப்பது வேறு.

கருவாடு மாதிரி

இவ்வளவு பாடுபட்டு ஹாமைச் சாப்பிடவைக்கத்தான் வேண்டுமா? நியாயமான கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிடுவோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. அந்தப் பிரிவில் புகையிலையும் இருக்கிறது என்பதால், ஹாமும் சிகரெட்டும் ஒரே அளவு கெடுதல் என்று பொருளில்லை. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, அபாயம் எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஆனாலும் ஹாமின் தாயகங்களில் ஒன்றான பிரான்ஸே, பெரியவர்கள் வாரத்துக்கு 150 கிராமோடு நிறுத்திக்கொள்ளும்படி தன் மக்களுக்குச் சொல்கிறது.

உப்பு இன்னொரு பக்கம். பிரிட்டனில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 3 கிராம் உப்புதான் உச்சம். 100 கிராமுக்கு 2 கிராம் உப்புள்ள ஹாமில் இரண்டு துண்டு, அதாவது ஏறத்தாழ 50 கிராம், உள்ளே போனாலே மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வியன்னாப் பாட்டியின் கத்திக்கு இன்னொரு அர்த்தம் கிடைக்கிறது. சாண்ட்விச்சில் ஒரு பிள்ளைக்கே போய்விடும் இரண்டு துண்டு, நறுக்கி நூடுல்ஸில் போட்டால் நாலு பேருக்குப் போதும். ஒரு துண்டு கருவாடு ஒரு சட்டிக் குழம்புக்கே வாசம் ஏற்றுவது போல, இங்கே ஹாமின் வேலை வயிற்றை நிரப்புவது இல்லை, வாசம் கொடுப்பது. பொட்டலம் வீணாகவும் இல்லை, பிள்ளைக்கு அளவு மிஞ்சவும் இல்லை.

வீணாவதன் கணக்கும் சின்னதல்ல. 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 சதவீதம் ஹோட்டலிலோ கடையிலோ வீணானது இல்லை. வீடுகளில் கொட்டியது.

வியாழக்கிழமை இரவு. சதுர நூடுல்ஸ் கிடைக்கவில்லை, கைக்கு வந்த மக்ரோனிதான். பட்டாணி, வெண்ணெய், மேலே முறுகிய ஹாம் தூள். குட்டி முதலில் மக்ரோனியை மட்டும் பொறுக்கித் தின்கிறது. ஹாம் துணுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ரயில்பெட்டி போல வரிசையாக அடுக்குகிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். எஞ்சினாக நின்ற துணுக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் காணோம். மற்ற பெட்டிகளோடு தட்டு தொட்டிக்குப் போகிறது.